கதவு திறக்காத வாஷிங் மெஷின்

சாத்தனேந்தலில் செண்பகவல்லி வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோன அன்றைக்குத்தான் அவளுடைய அண்ணன் வீரபுத்திரன் மேலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அந்த ஊரில் யார் மேலிருந்தும் எதுவும் சொட்டியதில்லை. வானமே சொட்டி வருஷக்கணக்காகிவிட்டது, ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, லாரித் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளும் பாதியில் எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் உடம்பிலிருந்து தண்ணீர் வடிந்தால் அது அதிசயமில்லையா என்றால், அதிசயம்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதிசயப்படுவதற்கு முன்னால் பாத்திரம் தேடுகிறவர்கள்.

செண்பகவல்லிக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் பொன்மாரி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள், காலையில் அதைத் திறப்பதும் ராத்திரி பூட்டுவதும் அவள் பொறுப்பு என்பதால் கையில் எந்நேரமும் ஒரு சாவிக்கொத்து இருக்கும். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி என்று அவள்தான் அந்த மெஷினைத் தவணையில் வாங்கிப் போட்டாள், முன்னால் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது. தண்ணியில்லாத காட்டுக்கு வாஷிங் மெஷின் ஒரு கேடா என்று ஊர் சிரித்தது. லாரித் தண்ணீரை மாடித் தொட்டியில் சேர்த்து வைத்து, எப்போதாவது ஒரு நாள் அதை ஓட்டி, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து துணி சுற்றுவதைப் பார்ப்பது செண்பகவல்லிக்குச் சினிமாவை விடப் பிடித்திருந்தது.

பொன்மாரிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் எல்லாம், அதனால் வீரபுத்திரன் வெள்ளைச் சட்டை வேட்டியில் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தான். கல்யாண வீடுகளுக்கு அண்டா, தாம்பாளம், ஜமுக்காளம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன் அவன், சபையில் எப்படி உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பொன்மாரியைத் தன் மகனுக்குக் கேட்டு, அவள் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொன்னபோது, பிள்ளை இஷ்டம்தானே பெரிசு என்று சிரித்தவன். அந்தச் சிரிப்பிலேயே செண்பகவல்லி உஷாராகியிருக்க வேண்டும், கூடப்பிறந்தவன் என்று இருந்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், பொன்மாரியின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்கள், தாம்பூலம் மாற்றாமலே எழுந்து போய்விட்டார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் யாரோ ரசத்தை வீரபுத்திரன் சட்டையில் கொட்டிவிட்டார்கள். வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் செண்பகவல்லி, கறை பிடிச்சிரும் கழட்டுண்ணே என்று வாங்கி, அந்த ஒற்றைச் சட்டையை மட்டும் மெஷினில் போட்டாள். அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். அண்ணன் மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் இருந்தது.

சட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போது தரகர் ஐயாக்குட்டி, மறந்து வைத்துவிட்டுப் போன மஞ்சப்பையை எடுக்க வந்தார். மனசு கேட்காமல் சொல்லிவிட்டார்.

"ஒங்கண்ணந்தாம்மா மாப்ள வீட்டுல போயிச் சொன்னது. புள்ளைக்கு வலிப்பு இருக்கு, அதான் எந்நேரமும் கையில இரும்பு புடிச்சிருக்கா, வேணும்னா வந்து பாருங்கன்னு. வந்து பாத்தாக. சாவிக்கொத்து இருந்துச்சு."

வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்கிற ஊர் அது. அதனால் கையில் இரும்பு இருந்தால் வலிப்பு என்று முடிவு கட்டுகிற ஊரும் அதுதான். செண்பகவல்லி அழவில்லை. கண்ணாடிக்குள் புரண்டுகொண்டிருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்து, நீ காயவே மாட்டடா, ஒரு நாளும் காயமாட்ட என்றாள். மெஷின் ஒரு முறை உறுமிவிட்டு நின்றது, சட்டையின் ஒரு கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, கதவு திறக்கவில்லை. அதே சமயம் தபாலாபீஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த வீரபுத்திரனின் துண்டு நனைந்து, வேட்டி நனைந்து, காது மடலிலிருந்து சோப்பு நுரை வழிந்தது.

துடைத்தால் துடைத்த துணி நனைந்தது. வெயிலில் நின்றால் ஆவி பறந்தது, ஆனால் காயவில்லை. மறுநாள் அவன் சட்டையை வெளியே எடுக்கக் கடப்பாரையோடு வந்து கண்ணாடியில் ஓங்கி ஓர் அடி அடித்தான். கண்ணாடியில் கீறல் விழவில்லை, அவன்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், எழுந்து பார்த்தால் நெஞ்சில் வட்டமாகக் கன்றிப்போயிருந்தது. மெஷினுக்கு விழுகிற அடி இவனுக்கு விழும் என்று அப்போதே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஏன், எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தங்கச்சி வயிறெரிஞ்சா சும்மா விடுமா என்று பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து மெக்கானிக் ஜெபராஜ் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தான். அவன் ஸ்க்ரூவைத் திருகினால் வீரபுத்திரனுக்கு வலிக்கவில்லை, கூச்சம் மட்டும் இருந்தது. வாசலில் காலடியில் தண்ணீர் குட்டை கட்ட நின்று அவன் நெளிந்துகொண்டிருக்கும்போதே ஜெபராஜ் விவரம் சொன்னான். போர்டு போய்விட்டது, கதவு லாக்கும் போய்விட்டது, இரண்டையும் மாற்றலாம், ஆனால் அந்தச் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வந்துவிடும், பழசைக் கடைக்காரனே எடுத்துக்கொள்வான். பழசை என்ன செய்வார்கள் என்று செண்பகவல்லி கேட்டாள்.

"மொத்தமா லாரியில ஏத்தி, நசுக்கி இரும்பாக்கிருவாங்கக்கா."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் காதிலும் விழுந்திருந்தது, அவனிடமிருந்து தண்ணீர் சட்டென்று இரண்டு மடங்கு வேகமாக வடிந்தது.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி," என்றாள் செண்பகவல்லி. அதை விட ருசியான ஒரு வார்த்தையை அவள் தன் ஆயுளில் சொன்னதில்லை.

அதன் பிறகு அவள் யோசித்தாள். காலையில் காபித் தம்ளரோடு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தாள், மத்தியானம் மோரைக் குடித்துவிட்டு யோசித்தாள். ரிப்பேர் பார்த்தால் அவன் பிழைத்தான், புதுசு வாங்கினால் அவன் தொலைந்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அண்ணனை நிறுத்தி வைத்துப் பார்ப்பதில் இருக்கும் சுகம் இருக்கிறதே, அதை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்காதவர்கள். வீரபுத்திரனின் பெண்டாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் படுத்தாள். அவன் விரல்கள் ஊறிச் சுருங்கின. டீக்கடையில் அவனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தனியாகத் தெருவில் போட்டார்கள். அவன் தினமும் தங்கை வீட்டு வாசலில் வந்து, ரிப்பேர் பாத்துரு செம்பகம் என்று கெஞ்சினான், அவள் தினமும் கடைக்காரனின் விளம்பரத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, சேப்புக் கலர் நல்லாருக்கா, நீலம் நல்லாருக்காண்ணே என்று கேட்டாள்.

ஆனால் தண்ணீர் என்பது சாத்தனேந்தலில் சும்மா வடிந்து போகக்கூடிய பொருள் இல்லை. முதலில் டீக்கடைக்காரர் அவன் முக்காலிக்குக் கீழே ஒரு சட்டியை வைத்தார், சோப்புத் தண்ணீர்தானே, கிளாஸ் கழுவ ஆகும் என்று. பிறகு பெண்கள் அழுக்குத் துணியோடு அவனைச் சுற்றி உட்கார்ந்து, கொஞ்சம் கைய இப்பிடி நீட்டுங்கண்ணாச்சி என்று கேட்டு வாங்கித் துவைத்தார்கள். சில வாரத்தில் நுரை குறைந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அலசலுக்கு வந்திருக்குமே, அப்படி அவனும் அலசலுக்கு வந்துவிட்டான். தெளிந்த தண்ணீராக, கல்கண்டு போட்டது போலத் தித்திப்பாக, நாள் முழுக்க, ராவும் பகலும், விரல் நுனியிலிருந்தும் வேட்டிக் கரையிலிருந்தும் தாடையிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. அவனுடைய வாடகை அண்டாக்களே வரிசையாக வந்து அவனுக்குக் கீழே நின்றன. அண்டா நிறைந்து வழிந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் சீனியப்பன் அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போய் ஊருணிப் படியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஊருணி நிறைந்தது. கொக்கு வந்தது, தவளை கத்தியது, எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. வெயில் படாமல் இருக்க அவன் தலைக்கு மேல் கோயில் குடையைப் பிடித்தார்கள், மாலை போட்டார்கள், போட்ட மாலை வாடவே இல்லை.

வீரபுத்திரன் ரிப்பேர் பார்க்கச் சொல்லி வருவதை நிறுத்திவிட்டான். அதைக்கூடச் செண்பகவல்லி பொறுத்துக்கொண்டிருப்பாள். ஊருணிப் படியில் உட்கார்ந்து அவன் என்ன சொன்னாலும் அது வேதவாக்காகிவிட்டது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஊருக்கே தண்ணி குடுக்கிற மனுசன் சொந்த மருமகளப் பத்திப் பொய்யா சொல்லுவாரு என்று குடம் நிரப்பும்போதெல்லாம் பேசினார்கள். பொன்மாரி ரத்தம் எடுக்க ஊசியைக் கையில் எடுத்தால், எதிரே இருப்பவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். பாதியில் வலிப்பு வந்து நரம்பைக் கிழித்துவிட்டால் என்ன செய்வது என்று அவளிடமே கேட்டார்கள்.

செண்பகவல்லி ரோசக்காரி. மாரியம்மன் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று ஊரைக் கூட்டிவிட்டாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு வார்த்தை சொன்னால், பொய் சொன்ன கை வெந்துபோகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வீரபுத்திரன் வந்தான். சூடத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியாதா? அப்படியே குனிந்து நின்றவன் தன் கையைப் பார்த்தான். உள்ளங்கையிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்தபோது வாயோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

"எம் மருமக பொன்மாரிக்கு வலிப்பு இருக்கு. நான் சொன்னது சத்தியம்," என்று சூடத்தின் மேல் அடித்தான்.

உஸ்ஸென்று அணைந்தது. கையை விரித்துக் காட்டினான், ஒரு சிவப்புக்கூட இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். செண்பகவல்லிக்கு அந்தக் குலவை முடிவதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தத் தண்ணீரை அவன் கையில் கொடுத்தது அவள்தான். அவள் வாங்கிய பழி அவள் மகள் தலையிலேயே வந்து விடிந்தது.

அடுத்த நாள் நிலையத்து முதலாளி பொன்மாரியைக் கூப்பிட்டு, ஊர் வாய் அடங்குகிற வரைக்கும் வீட்டில் இரும்மா என்றார். அவள் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் விரல்கள் சாவியைப் பிடித்திருப்பது போலவே மடங்கியிருந்தன.

அந்த வாரமே சீனியப்பன் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரோடு வந்தார். தாம்பாளத்தில் பழம், பூ, நடுவில் கடைக்காரனின் விளம்பரத் தாள். ஊரே சேர்ந்து அவளுக்குப் பெரிய மெஷினாக, புதுசாக வாங்கிக் கொடுக்கும். பழைய மெஷினை நசுக்க விடமாட்டார்கள், ஊருணிக் கரையில் ஓடு போட்டுக் கொட்டகை கட்டி, கண்ணாடி கிழக்கே பார்க்க வைத்து, வெள்ளிக்கிழமை விளக்குப் போடுவார்கள்.

"ஒனக்குப் புது மெஷினு, ஊருக்குத் தண்ணி, ஒங்கண்ணனுக்கு மரியாத. இதுல யாருக்குத் தாயி நட்டம்?"

"எனக்கு," என்றாள் பொன்மாரி உள்ளேயிருந்து.

சீனியப்பனுக்குக் காது கேட்கும். ஆனாலும் கேட்காதது போலப் பழத்தைச் சரிசெய்தார். செண்பகவல்லி தாம்பாளத்தைத் திருப்பித் தள்ளினாள். புதுசு வேண்டாம், இதையே ரிப்பேர் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஒரு வாஷிங் மெஷினுக்காக எந்த ஊரும் இந்தப் பாடு பட்டிருக்காது. பழசை ரிப்பேர் பார்த்தால் நிலைக்காது தாயி என்றார்கள். ஒன்றை மாற்றினால் இன்னொன்று போகும், தொட்டுத் தொட்டுச் செலவு வைக்கும், புதுசென்றால் கேரண்டி உண்டு, கரண்டு கம்மி, துணி பூப் போல வரும் என்றார்கள். வாஷிங் மெஷினைத் தொட்டே பார்க்காத பெண்கள் வீடு தேடி வந்து மோட்டாரைப் பற்றிப் பேசினார்கள். பேசிப் பார்த்துவிட்டு மிரட்டினார்கள், மிரட்டிப் பார்த்துவிட்டு அழுதார்கள். பச்சைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, இதுக்குக் குடிக்கத் தண்ணி எங்கக்கா என்று கேட்டபோது செண்பகவல்லிக்கு நெஞ்சு ஆடிவிட்டது, பொய் இல்லை. அதே வாய்தான் குலவை போட்டது என்று ஞாபகம் வந்ததும் அந்த ஆட்டம் நின்றுவிட்டது.

கடைசியில் வீரபுத்திரனே வந்தான். பின்னால் வந்த குடங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவன் மட்டும் உள்ளே வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நான் சொன்னது பொய்தான் செம்பகம். எம் மகன வேண்டாம்னுட்டாளேங்கிற ஆத்திரத்துல சொல்லிட்டேன். ஊர் முன்னாடி வேணும்னாலும் சொல்றேன். கதவ மட்டும் தொறக்காத."

முன்னால தொறக்கச் சொல்லி அழுதியேண்ணே என்றாள் அவள்.

"அப்ப நான் அண்டாக்கார வீரபுத்திரன். பந்தி முடிஞ்சு எச்சி அண்டாவ எண்ணிக்கிட்டு நிப்பேன், ஒரு பய ஏறிட்டுப் பாக்கமாட்டான். இப்ப எனக்குக் கொட புடிக்கிறாங்க தாயி."

அவன் அழுதான், ஆனால் கண்ணீர் எது, மற்றது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. செண்பகவல்லி அவன் சொன்னதைக் கடைசி வரை கேட்டாள். அவன் மேல் ஒரு சொட்டு இரக்கம் வருகிறதா என்றும் தேடிப் பார்த்தாள்.

"ஈரக் கையோட நீ சொன்னத ஊரு நம்பிருச்சு. அதே ஈரக் கையோட மாத்திச் சொன்னா, தங்கச்சி பாசத்துல சொல்றாருன்னு ஒன்னைய இன்னும் பெரிய மனுசனாக்கிரும். எனக்குக் காஞ்ச கை வேணும்ணே."

ஜெபராஜை ஊருக்குள் விடக் கூடாது என்று பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். பொன்மாரி தன் ஸ்கூட்டரில் அருப்புக்கோட்டைக்குப் போய், போர்டையும் லாக்கையும் மடியில் கட்டிக்கொண்ட ஜெபராஜைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஊர் எல்லையில் கூட்டமாக நின்று, வலிப்புக்காரி வண்டி ஓட்டுறா, விழப்போறா விழப்போறா என்று கத்தினார்கள். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை, விழவும் இல்லை, அவர்கள்தான் விலகி வாய்க்காலில் விழுந்தார்கள்.

ஜெபராஜ் போர்டை மாற்றினான், லாக்கை மாற்றினான், டக்கென்று ஒரு சத்தம், கதவு திறந்துகொண்டது. இதற்கா இத்தனை நாள் என்பது போல அவ்வளவு சின்னச் சத்தம். செண்பகவல்லி சட்டையை வெளியே எடுத்து, மணிக்கட்டு வலியோடு கையாலேயே முறுக்கிப் பிழிந்தாள். முறுக்கி, உதறி, மறுபடி முறுக்கினாள். ஊருணிப் படியில் வீரபுத்திரன் நாற்காலியோடு சேர்ந்து முறுகி, குப்பென்று கொட்டி, மறுபடி முறுகினான். பிறகு மாடிக் கொடியில் போட்டாள். சாத்தனேந்தல் வெயிலுக்குச் சட்டை ஒரு பொருட்டா, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொடமொடவென்று காய்ந்தது. ஊருணியில் அவன் முழங்கையிலிருந்து ஒரு சொட்டு தொங்கி, தொங்கி, விழுந்தது. அடுத்தது வரவில்லை. குடை பிடித்தவன் குடையை மடக்கினான்.

செண்பகவல்லி சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டில் சூடத்தோடு ஊருணிக்குப் போனாள், கூடப் பொன்மாரியும் போனாள். ஊர் முழுக்கக் குடத்தோடு நின்றது. போட்டுக்கண்ணே என்று சட்டையைக் கொடுத்தாள், அவன் போட்டுக்கொண்டான். அவள் சூடத்தைக் கொளுத்தி அவன் முன்னால் நீட்டினாள்.

"இப்ப அணைச்சுச் சொல்லு."

அவன் கையைத் தூக்கினான். சூடு பட்டது, கை பின்னால் போனது. மறுபடி தூக்கினான், மறுபடி பின்னால் போனது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, சூடம் அணைப்பாரில்லாமல் தானாக எரிந்து, தானாகத் தீர்ந்தது. வீரபுத்திரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தான், யாரும் கைகொடுக்கவில்லை. நிலையத்து முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சாவிக்கொத்தை நீட்டினார். பொன்மாரி அவரைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் வாங்கினாள்.

மன்னிச்சிரு தாயி என்று யாராவது சொல்வார்கள் என்று செண்பகவல்லி நின்றாள். சீனியப்பன்தான் தொண்டையைக் கனைத்தார்.

"அது சரி, புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சு போச்சு. இந்த ஊருணி வத்துனப்பொறகு தண்ணிக்கு என்ன செய்யிறது?"

செண்பகவல்லி தட்டிலிருந்த சாம்பலை ஊதிவிட்டாள்.

"கொழாயத் தொறந்து வச்சுக்கிட்டு நில்லுங்க. எம் மகளுக்கு வலிப்புன்னு நம்புனீகள்ல, அதே மாதிரி தண்ணி வரும்னு நம்புங்க."

சொன்னதை நம்பிப் பழகிய ஊர் அது. ஊருணி வற்றிய அன்றைக்கு, வீட்டுக்கு வீடு வருஷக்கணக்காகத் தண்ணீர் வராத குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அடியில் குடத்தைப் பிடித்தபடி நின்றார்கள்.